நாட்டு மருந்துக் கடையா, மெடிக்கல் ஷாப்பா: பல்லுக்கும் ஈறுக்கும் எது எதற்கு உதவும்?

பெங்களூரில் அல்சூர் கடைத்தெரு பக்கம் போய் "ஈறுல ரத்தம் வருது, ஏதாவது குடுங்க" என்று கேட்டால், எந்தக் கடையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். நாட்டு மருந்துக் கடையில் திரிபலா, கருவேலம்பட்டைப் பொடி, கிராம்பு என்று பொட்டலம் கட்டுவார்கள். மெடிக்கலில் வைட்டமின் சி, பி காம்ப்ளெக்ஸ், கால்சியம் அட்டைகள் வரும். கொஞ்சம் பெரிய கடையாக இருந்தால் நல்ல பாக்டீரியா சேர்த்த புரோபயாட்டிக் மிட்டாயும் வரும். "ஈறு கெட்டிப்படும்" என்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பொடி, எண்ணெய், உப்புத் தண்ணீர் எல்லாம் பல்லின் மேலேயும் ஈறின் ஓரத்திலேயும் பட்டு வேலை செய்கிறவை. மாத்திரை உள்ளே போய், உடம்பில் குறைந்திருப்பதை நிரப்பும். குறையே இல்லை என்றால் அது நிரப்ப ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஈறில் ரத்தம் வருவதற்குக் காரணம் சத்துக்குறைவு கிடையாது, பல்லின் அடியில் கெட்டியாகிப்போன அழுக்கு, அதாவது காரை, படிந்திருப்பதுதான். அந்தக் காரையைப் பொட்டலமும் எடுக்காது, அட்டையும் எடுக்காது. பல் டாக்டரிடம் போய் கிளீனிங் செய்துகொள்ள வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் காசு வீணாகாது.

நல்லெண்ணெயும் குளோர்ஹெக்சிடினும்

எண்ணெய் கொப்பளிப்பது ஆயுர்வேத நூல்களிலேயே இருக்கும் பழக்கம். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீஸ்பூன், அதாவது சுமார் பத்து மில்லி, வாயில் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் அலசித் துப்ப வேண்டும். துப்பும்போது எண்ணெய் மஞ்சள் நிறம் போய், நீர்த்து, மோர் மாதிரி வெளுத்து வரும். "பாருங்க, உடம்பு விஷமெல்லாம் வந்துடுச்சு" என்பார்கள். எச்சிலோடு எண்ணெய் கலந்து நுரைத்தால் அப்படித்தான் வெளுக்கும், வேறு ஒன்றுமில்லை.

ஆனாலும் பலன் இல்லாமல் இல்லை. சென்னையில் பதின்வயதுப் பையன்களை வைத்து நடந்த சிறிய ஆய்வுகளில், நல்லெண்ணெய் கொப்பளித்தவர்களுக்குப் பல்லில் படியும் படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன. சின்ன ஆய்வுகள், கொஞ்ச நாள் நடந்தவை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இந்த ஆதாரம் போதாது என்று எண்ணெய் கொப்பளிப்பைப் பரிந்துரைக்கவில்லை. சர்க்கரை குறையும், மூட்டு வலி போகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் தள்ளிவிடலாம்.

எதிர்ப்பக்கம் குளோர்ஹெக்சிடின் மௌத்வாஷ். நம் ஊரில் பெரும்பாலும் 0.2 சதவீதத்தில் கிடைக்கிறது. கிருமியை அடக்குவதில் எண்ணெய் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை பிடிக்கும், சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். ஃபில்டர் காபி குடிப்பவர்களுக்குக் கறை இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் டாக்டர்கள் ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதித் தருகிறார்கள். பலர் கவனிக்காத இன்னொன்று: பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு இதைக் கொப்பளித்தால், பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இதன் வீரியத்தைக் குறைத்துவிடும். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

என் கணக்கு இது: கிளீனிங் முடிந்த கையோடு, அல்லது ஈறு வீங்கிப் பிரஷ் வைக்கவே முடியாதபோது, டாக்டர் சொன்ன நாட்களுக்குக் குளோர்ஹெக்சிடின். அன்றாடத்துக்கு எண்ணெய் பிடித்தால் எண்ணெய், இல்லாவிட்டால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. எண்ணெய் மாதத்துக்கு முந்நூறு மில்லி ஆகிறது, உப்புக்குச் செலவே இல்லை. தேங்காய் எண்ணெய் வேண்டும் என்பவர்களுக்கு, டிசம்பர் மாதப் பெங்களூரில் காலையில் அது பாட்டிலுக்குள் கட்டியாக உட்கார்ந்திருக்கும். நல்லெண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. வாஷ்பேசினில் மட்டும் துப்ப வேண்டாம், அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வரும். விழுங்கவும் கூடாது. புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவே வரலாம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

நெல்லிக்காயும் வைட்டமின் சி மாத்திரையும்

வைட்டமின் சி அறவே இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும். கடற்பயணம் போனவர்களை வாட்டிய ஸ்கர்வி அதுதான். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து மாலுமிகளைத் தேற்றிக் காட்டினார். அந்தக் கதையை வைத்துத்தான் இன்றைக்கும் ஈறு என்றாலே மாத்திரை விற்கிறது.

நமக்கு எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் சொன்ன கணக்குப்படி ஆண்களுக்கு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. நூறு கிராம் நெல்லிக்காயிலோ கொய்யாவிலோ இருநூறுக்கு மேலேயே இருக்கிறது. தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் போட்டு நறுக்கித் தரும் ஒரு கொய்யாப்பழம் அன்றைய கணக்கை முடித்துவிடும். மாத்திரை 500 மில்லிகிராம். தேவைக்கு மேல் போனதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

அதோடு, சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை புளிப்பு அமிலம். பலவற்றில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். பல்லைக் காப்பாற்றுகிறேன் என்று தினமும் அதைக் கடைவாயில் அதக்கிக்கொண்டிருந்தால் பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் கரையும், பல் கூசும். எனாமலில் உயிருள்ள செல் கிடையாது, போனால் திரும்ப வளராது. மாத்திரை கட்டாயம் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் விழுங்குகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். நெல்லிக்காயும் புளிப்புதான், தின்றுவிட்டு வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துப் பிரஷ் தொடுவது நல்லது. இந்தப் போட்டியில் எனக்குச் சந்தேகமே இல்லை, கொய்யாவுக்குத்தான் ஓட்டு.

மாத்திரை ஜெயிக்கிற இடம்

அடிக்கடி வாய்ப்புண், நாக்கு சிவந்து வழவழப்பாகி எரிச்சல், சைவச் சாப்பாடு: மூன்றும் சேர்ந்திருந்தால் மணத்தக்காளிக் கீரையை மட்டும் நம்ப வேண்டாம், பி12 ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். பி12 கீரையில் கிடையாது. பால், முட்டை, மீன், கறி வழியாகத்தான் வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையலாம். திரும்பத் திரும்ப வாய்ப்புண் வருகிறவர்களுக்கு நாக்கடியில் 1000 மைக்ரோகிராம் பி12 ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த இஸ்ரேல் ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது; ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. மணத்தக்காளி வத்தக்குழம்பை நிறுத்தச் சொல்லவில்லை, அதன் சுகம் வேறு.

கால்சியம் மாத்திரை பெரியவர்களின் பல்லைக் கெட்டியாக்காது, முளைத்த பல் முளைத்ததுதான். வைட்டமின் டி, நாள் முழுக்க ஏசி ஆபீசில் உட்காருகிறவர்களுக்குக் குறைவாக இருக்கலாம். எலும்புக்காகப் பரிசோதித்துச் சாப்பிடலாம், சொத்தைக்காக வேண்டாம். புரோபயாட்டிக் மிட்டாய் வாய் நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்தினால் பலனும் நிற்கும். விலையைப் பார்த்தால் நாக்கு வழிப்பான் எவ்வளவோ மேல்.

குச்சி, பொடி, பேஸ்ட்

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. குச்சியின் நுனியை மென்று நார் நாராக்கித் தேய்த்தால் படலம் போகிறது, துவர்ப்பும் கசப்பும் ஈறுக்கு இதமாக இருக்கிறது. கடைவாய்ப் பல்லின் உள்பக்கம்தான் எட்டாது. பொடிகளில் கவனம் வேண்டும். உமிக்கரியும் செங்காவி சேர்த்த சிவப்புப் பொடிகளும் எனாமலைத் தேய்த்தே வெளுக்க வைப்பவை. பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இலேயே தடை செய்தது. பெயர் தெரியாத பொட்டலத்தில் தேய்த்ததும் தலை லேசாகக் கிறுகிறுத்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சொத்தையைத் தடுப்பதில் இவற்றில் எதுவும் ஃபுளோரைடு பேஸ்டுக்கு ஈடில்லை. இந்த இடத்தில் பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே ஏராளம். அந்த ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். இந்தப் பக்கம் கோலாரிலும் இதே கதை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் முன்பல்லில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு இருக்கும். "ஃபுளோரைடுதானே இப்படிப் பண்ணுச்சு, அப்புறம் அதையே பேஸ்டுல ஏன் போடணும்?" என்று மூலிகைப் பேஸ்டுக்கு மாறிவிடுகிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கறை, பல் உருவாகும் வயதில், சுமார் எட்டு வயது வரை, உள்ளே போன ஃபுளோரைடால் வந்தது. பெரியவர் பேஸ்டில் தேய்த்துத் துப்புவதால் புதிதாகக் கறை வராது. எனாமலின் மேற்பரப்பு அமிலத்தைத் தாங்கத்தான் அது உதவும். இந்தியாவில் பேஸ்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டக்கூடாது என்று வரம்பும் உண்டு. மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு பேஸ்ட், பக்கத்தில் நின்று துப்ப வைப்பது, அவ்வளவுதான். குழந்தை இருக்கும் வீட்டில் போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ குடிக்கப் பயன்பட்டால் அதை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருந்தால் பரவாயில்லை. திட்டுக் கறையை உமிக்கரியால் தேய்த்து எடுக்க முயல்வதுதான் எல்லாவற்றையும்விட மோசம். கறை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது, தேயப்போவது நல்ல பல்தான்.

கிராம்பு எண்ணெயும் வலி மாத்திரையும்

கிராம்பில் இருக்கும் யூஜினால் உண்மையாகவே மரத்துப்போகச் செய்யும். பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும் சிமெண்டிலும் அதுதான் இருக்கிறது. பஞ்சில் ஒரு சொட்டு, சொத்தைக்குள் மட்டும். ஈறில் பட்டால் வெந்து புண்ணாகும், குழந்தைக்குக் கூடாது. இரவைத் தாண்ட அதுவோ ஒரு பாரசிட்டமாலோ போதும். இரண்டு நாள் குடைந்த வலி தானாக நின்றுவிட்டால் எண்ணெய் குணப்படுத்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே நரம்பு செத்திருக்கலாம், சீழ் கோக்க ஆரம்பித்திருக்கலாம். தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாவிட்டால் பெங்களூர்க் கோட்டை பக்கம், விக்டோரியா மருத்துவமனை வளாகத்தை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பான் மசாலா, குட்கா, பாக்கு போடுகிறவர்களுக்கு மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயை முழுசாகத் திறக்க முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் இரண்டு கடைக்கும் போகாமல் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.