ரிவர் லைன்: பெயரில் இலகு ரயில், இரவில் சரக்குப் பாதை

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் காம்டனையும் டிரென்டனையும் இணைக்கும் ரிவர் லைன் ரயில் சேவை, 2004 மார்ச்சில் ஓடத் தொடங்கியதிலிருந்து 'இலகு ரயில்' (லைட் ரெயில், அதாவது பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும் எடை குறைந்த நகர ரயில்) என்றே அழைக்கப்படுகிறது. அந்தப் பெயரை வைத்து, மேலே மின்கம்பியும் நள்ளிரவு வரை சேவையும் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். இது டீசலில் ஓடும் வண்டி. ஏறத்தாழ 34 மைல் பாதையின் பெரும்பகுதியைச் சரக்கு ரயில்களுடன் பங்கிட்டுக்கொள்கிறது.

பகலில் பயணிகளுக்கு, இரவில் சரக்குக்கு என்பதுதான் அந்தப் பங்கீடு. துறையினர் இதை 'டெம்பரல் செப்பரேஷன்', அதாவது நேரப் பிரிப்பு என்கிறார்கள். மோதலில் நசுங்காமல் தாங்குவதற்காக வழக்கமான பயணிகள் பெட்டிக்கு அமெரிக்க விதிகள் நெடுங்காலமாக நிர்ணயித்திருந்த 8,00,000 பவுண்டு அழுத்த வலிமை, ஸ்டாட்லர் நிறுவனத்தின் 'ஜிடிடபிள்யூ' வகையைச் சேர்ந்த இந்த வண்டிகளுக்கு இல்லை என்பதால், கனரகச் சரக்கு ரயிலும் இதுவும் ஒரே நேரத்தில் ஒரே தண்டவாளத்தில் இருக்க அனுமதி கிடையாது. இந்த முறைக்கு 1981இல் தொடங்கிய, சான் டியேகோ நகரின் 'டிராலி' என்னும் இலகு ரயில் முன்னோடி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் 1992 முதல் ஓடும் 'டிராம்-டிரெயின்' வேறு வகை. அங்கே நகர டிராம், முதன்மை ரயில்பாதையில் மற்ற ரயில்களுக்கு நடுவிலேயே ஓடுகிறது. நேரம் பிரித்து ஓடுவதையும் இப்படிக் கலந்து ஓடுவதையும் ஒரே பெயரால் குறிப்பது பயணியைக் குழப்பவே செய்யும்.

பகல் சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. காம்டனில் சாலை சிக்னலுக்குக் காத்து நின்று கார்களோடு திரும்பும் அதே வண்டி, ஊர் எல்லை தாண்டியதும் பழைய ரயில்பாதையில் வேகமெடுக்கிறது. பர்லிங்டனில் கடைவீதியின் நடுவே மறுபடியும் நிதானமாகச் செல்கிறது. கதவருகே தாழ்தளம் இருப்பதால் குழந்தை வண்டியோடும் எளிதாக ஏறலாம். ஆனால் பெட்டியின் நடுவில் டீசல் எஞ்சின் தனிக் கூடாக அமைந்து, அதன் ஊடே ஒரு குறுகிய நடைவழி செல்கிறது. அதை ஒட்டிய இருக்கைகளில் அதிர்வும் இரைச்சலும் அதிகம் என்பதால், இரண்டு முனைகளில் ஒன்றில் அமர்வதே நல்லது. கோல்டன் கேட் பாலத்துக்கு இரும்புக் கம்பி வடங்கள் செய்த ரோப்ளிங் ஊரிலும் நிறுத்தம் உண்டு. பொழுது இருந்தால் இறங்கிப் பார்க்கலாம்.

இணைப்பு வசதியும் திருப்தி தருகிறது. டிரென்டனில் சாலையைக் கடந்தால் நியூயார்க் செல்லும் ரயில். காம்டனின் வால்டர் ரேண்ட் நிலையத்தில் பிலடெல்பியாவுக்குச் செல்லும் 'பாட்கோ' நகர ரயில். பயணச்சீட்டை நடைமேடை இயந்திரத்தில் வாங்கினால் மட்டும் போதாது, ஏறுமுன் நேர முத்திரையும் பதித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கலெல்லாம் மாலைக்குப் பிறகுதான். பிலடெல்பியாவில் கச்சேரியோ விருந்தோ முடித்துவிட்டு வார நாளில் வடக்கே திரும்ப நினைப்பவர்களுக்குக் கடைசி வண்டி வெகு சீக்கிரமே போய்விடும். பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம் என்பதால், பகலிலும் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம் வரை காத்திருக்க நேரிடலாம். சரக்குக்காகப் பாதை ஒதுக்கப்படும் நேரத்தைப் பயணிகள் கண்ணில் படும்படி ஒவ்வொரு நிலையத்திலும் பெரிய எழுத்தில் போட்டு வைப்பது இயக்குபவர்களின் கடமை என்று கருதுகிறேன். பகல்நேர அலுவலகப் பயணத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரவு திரும்புவதாக இருந்தால், கிளம்பும் முன்பே கடைசி வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.