பிந்தும் நாட்களுக்கு என்ன கட்டுவது? பாய்ப்படகில் யாழ்ப்பாணத்துக் காய்ந்த சாமான்கள்

பருத்தித்துறையிலிருந்து திருகோணமலைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 95 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் ஓடும் பாய்ப்படகுக்கு அந்தத் தூரமே பத்தொன்பது மணித்தியால ஓட்டம். தெற்கத்திக் காற்றான சோழகம் முகத்துக்கு நேரே நின்றால் கதை வேறு. வளைந்து வளைந்து ஓடித்தான் முன்னேற வேண்டும். தூரம் ஒன்றரை மடங்காகும், நீரோட்டமும் எதிர்த்தால் மூன்றாம் நாளும் கடலில்தான். கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் துறையை விட்டு வெளிக்கிடவே ஒரு கிழமை பிந்தலாம். இந்தப் பிந்தலுக்கென்று அரிசியும் பருப்பும் நூடில்ஸும் கூடுதலாக ஏற்றுவார்கள். மூன்றுமே தண்ணீரும் காஸும் கேட்பவை. பயணம் இழுபட்டால் முதலில் குறைவதும் அந்த இரண்டும்தான்.

ஆகவே தண்ணீர் கேட்குமா, அடுப்புக் கேட்குமா, உப்புக்காற்றில் எத்தனை நாள் நிற்கும் என்ற மூன்று கேள்வியை வைத்து இங்குள்ள சந்தைச் சாமான்களைப் பார்ப்போம்.

முதலிடம் புழுக்கொடியலுக்கு. பனங்கிழங்கை அவித்து, கிழித்து, வெயிலில் காயவிட்டது என்பதால் அது ஏற்கெனவே வெந்த உணவு. நறுக்காகக் கடிக்கப் பல்லும் பொறுமையும் வேண்டும், ஆடும் படகில் உரலும் சரிவராது. எனவே மாவாகவே வாங்குங்கள். தேங்காய்ப்பூவும் பனங்கட்டிச் சீவலும் போட்டுப் பிசைந்தால் அடுப்பில்லாமல் ஒரு நேரச் சாப்பாடு. மாரியில் கிழங்கு கிண்டி, மாசி, பங்குனி வெயிலில் காயவிடுவதால் புதுச் சரக்கு அதற்குப் பிறகுதான் சந்தைக்கு வரும். ஆவணியில் வாங்குவோர் நறுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்: ஊசித் துளையும் அடியில் தூளும் இருந்தால் வண்டு ஏறிவிட்டது. நல்ல நறுக்கு டக்கென்று முறியும், வளைந்தால் ஈரம்.

அளவுக்கு ஒரு கணக்கு. மூன்று பேர், ஏழு மேலதிக நாட்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் என்றால் 2 கிலோ 100 கிராம். சிந்துவதும் பழுதாவதும் சேர்த்து இரண்டரைக் கிலோ கட்டலாம். இதற்கு மேலே சாப்பிட்டால் வயிறு பொருமும். நார் நிறைந்த மா; தண்ணீர் குடிக்காமல் இதையே தின்றால் மலச்சிக்கல் நிச்சயம். புரதமும் போதாது. வறுத்த பயறோ ரின் மீனோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

கெடுப்பது பெரும்பாலும் சரக்கல்ல, கட்டும் விதம். கடையில் தந்த பொலித்தீன் பையோடு படகில் வைத்தால் உப்புக்காற்றில் மா கட்டிபட்டு, பிறகு பூசணம் பிடிக்கும். மழையில்லாத நாளில் காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை வெயிலில் போட்டு, நன்றாக ஆறவிட்டு, அகல வாய்ப் பிளாஸ்ரிக் போத்தல்களில் அரைக் கிலோ வீதம் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும். ஒரே பெரிய வாளி வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு தடவையும் முழுச் சரக்கும் ஈரம் குடிக்கும். ஒவ்வொரு போத்தலிலும் இரண்டு செத்தல் மிளகாயும், துணியில் முடிந்த ஒரு பிடி வறுத்த அரிசியும் போடலாம். படகின் அடித்தட்டும் எஞ்சின் பக்கமும் ஆகாத இடங்கள்: ஒன்றில் ஈரம், மற்றதில் சூடும் டீசல் வாடையும்.

பனாட்டு இரண்டாவது. பனங்களியைப் பாயில் படை படையாக ஊற்றிக் காயவிட்டு எடுப்பது. கையில் வைத்துக் கடித்துக்கொண்டே சுக்கான் பிடிக்கலாம். தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். குறை என்னவென்றால் ஈரம் பட்டவுடன் பிசுபிசுக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றினால் இந்தத் தொல்லை இல்லை. பாணிப் பனாட்டு இன்னும் ருசி, ஆனால் அலை தூக்கும் நாளில் பாணி கொட்டினால் எறும்புக்கும் உங்களுக்கும் வேலை. அதை வீட்டுக்கு வாங்குங்கள்.

பனங்கட்டியை ஓலைக் குட்டானோடு அப்படியே அடைத்து வைக்க வேண்டும், பிரித்தால் கசியும். வீடுகளில் அடுப்புக்கு மேலே வைத்த காரணமும் அதுதான். மேலே சொன்ன கணக்குக்கு ஒரு கிலோ போதும்.

பருத்தித்துறை வடை என்ற தட்டை வடை பற்றி எல்லோரும் கேட்பார்கள். மொறுமொறுப்பும் உறைப்பும் மனத்துக்கு நல்லது. பொழுது போகாத காற்றில்லா மத்தியானத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் திறந்த பொதி ஒரே நாளில் நமத்துவிடும், நாள் போனால் எண்ணெய் காறும். சின்னப் பொதிகளாக, முதல் கிழமைக்கு மட்டும். பொரிவிளாங்காய் அதைவிட நீண்ட நாள் நிற்கும், பசியையும் அடக்கும்.

ஒடியல் மா வேண்டாம். புழுக்கொடியலுக்குத் தம்பி மாதிரித் தெரிந்தாலும் இது அவிக்காத கிழங்கின் மா. கசப்புப் போக ஊறவிட்டுப் பிழிய வேண்டும், பிறகு வேகவைக்க வேண்டும். கூழுக்கு இதைப்போல ஒன்றில்லை என்பது உண்மைதான், ஆனால் நன்னீரை அளந்து குடிக்கும் படகில் இது ஆடம்பரம். கருவாடும் அப்படியே. தின்றால் தாகம், கழுவி உப்பெடுக்கவும் தண்ணீர். மோர்மிளகாய் பொரிக்க எண்ணெயும் நெருப்பும் கேட்கும், ஆடும் படகில் கொதிக்கும் எண்ணெய் ஆபத்து.

தேங்காயை உரிக்காமல், மட்டையோடு வாங்குங்கள். மாதக்கணக்கில் நிற்கும், உருண்டாலும் உடையாது. ஏழு நாளுக்கு நாலு காய். சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடி கட்டிக் காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிட வேண்டும். உருளைக்கிழங்கோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் கெடும்.

தண்ணீர்க் கணக்கு இதோடு சேர்ந்தது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க 3 லீற்றர், சமைக்க 1 லீற்றர். மூன்று பேருக்கு ஏழு நாள் என்றால் 84 லீற்றர். புழுக்கொடியலும் பனாட்டும் ஒரு நேரத்துக்கு என்று வைத்துக்கொண்டால் சமையல் தண்ணீரில் மூன்றில் ஒன்று மிஞ்சும், குடிதண்ணீரில் கை வைக்கக் கூடாது. யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணக்கல் நீர், கேத்திலில் வெள்ளைப் படிவு விடும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர். வடிகட்டிய நீரை 5, 10 லீற்றர் கான்களில் பிரித்து ஏற்றினால் ஒன்று பழுதானாலும் மற்றவை தப்பும். கானில் பத்தில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள். கடலில் விழுந்தால் மிதக்கும்.

வல்வெட்டித்துறையிலிருந்து 1937இல் வெளிக்கிட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைத் தொட்டது 1938 ஆகஸ்டில். குளிர்ப்பெட்டி இல்லாமல் பாய் விரித்த ஊரில் இந்தச் சாமான்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பொதி செய்த பனம்பொருட்களுக்குப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்கள். நறுக்கை முறித்துப் பார்த்து வாங்குவதற்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, சாவகச்சேரிச் சந்தைகள். வெயிலில் போட்டு அடைக்க இரண்டு நாள் வேண்டும் என்பதால், வெளிக்கிடும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே வாங்கி முடியுங்கள்.