டொமினிக்காவா, குவாதலூப்பா, டிரினிடாடா? ஒரு வாரத்துக்கு எந்தத் தீவு?

கரீபியன் என்றதும் பயண நிறுவனங்கள் நீட்டுவது ஒரே படம்: வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, நீல நீர். அது போதும் என்பவர்களுக்கு பார்படோஸ் இருக்கிறது, அருபா இருக்கிறது. இந்த அலசல் வேறு வகை ஆட்களுக்கு. ஒரு வாரம் கிடைத்தால் பாதி நாள் காட்டில் நடக்க வேண்டும், மீதி நாள் அந்த ஊர்க்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு என் கணக்கில் மூன்று தீவுகள்தாம் போட்டிக்கு வருகின்றன: டொமினிக்கா, குவாதலூப், டிரினிடாட். மூன்றிலும் பார்க்க நிறைய உண்டு. ஆனால் ஒன்று உங்கள் முழங்காலைச் சோதிக்கும், ஒன்று உங்கள் பிரெஞ்சைச் சோதிக்கும், இன்னொன்று நீங்கள் எந்த மாதம் வந்தீர்கள் என்று கேட்கும். விளம்பரத் தாள்களில் இது மட்டும் இருக்காது.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. முன்னது ஆங்கிலம் பேசும், 750 சதுர கிலோமீட்டரில் எழுபதாயிரம் பேர் மட்டுமே வாழும் மலைத்தீவு. பின்னது எயிட்டியோடு ஒரே தீவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஸ்பானிய மொழி நாடு. விமானச் சீட்டு போடும்போது ரோசோ என்ற தலைநகரின் பெயரைப் பார்த்துக்கொண்டு போடுங்கள்.

காடு, மலை, நீர்

காட்டுக்காக மட்டும் போவதென்றால் டொமினிக்காதான், யோசிக்க வேண்டியதில்லை. மோர்ன் துருவா பித்தோன் தேசியப் பூங்கா 1975இல் உருவானது, 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதற்குள்தான் கொதிக்கும் ஏரி இருக்கிறது. சுமார் 60 மீட்டர் அகலப் பள்ளத்தில் சாம்பல் நிற நீர், நடுவில் உலை கொதிப்பது போலப் பொங்கிக்கொண்டே இருக்கும். அடியில் இருக்கும் எரிமலை வாயுத் துவாரம் நீரில் மூழ்கியதால் உண்டான ஏரி இது. 2004 கடைசியில் திடீரென்று நீர் வடிந்து போனது. சில மாதங்களில் மறுபடி நிரம்பிக் கொதிக்கத் தொடங்கியது. அதனால் போகிற நாளில் ஏரி எந்த நிலையில் இருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்வது வழக்கம்.

அங்கே போகச் சாலை கிடையாது. லோடா கிராமத்துக்கு மேலே தித்து பள்ளத்தாக்கின் வாயிலில் தொடங்கி, போக வர ஆறு ஏழு மணி நேரம் நடக்க வேண்டும். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், பல இடங்களில் சேற்றில் மரப்படிகள். ஏரிக்கு முன்னால் வருவது பாழ்வெளிப் பள்ளத்தாக்கு: பச்சை சட்டென்று நின்றுவிடும், கந்தக வாடை மூக்கில் ஏறும், வெந்நீர் ஓடைகள் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக ஓடும். என்னைக் கேட்டால் ஏரியைவிட இந்தப் பள்ளத்தாக்குதான் நடையின் பலன். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். மேகம் இறங்கினால் பாதை தெரியாது. ஏரிப் பக்கம் ரோப் கார் கொண்டுபோகும் வேலையும் நடக்கிறது. முழங்கால் பலம் இல்லாதவர்களுக்கு அது நல்ல சேதிதான், ஆனால் நடந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்து வந்த ஓர் இடம் இனி எல்லாரையும் போல வரிசையில் நின்று பார்க்கும் இடமாகும்.

நடக்க முடியாதவர்களுக்கும் டொமினிக்காவில் வேலை உண்டு. இரட்டை அருவியான டிரஃபால்கர், மரகதக் குளம், வாட்டன் வேவன் கிராமத்து வெந்நீர்த் தொட்டிகள் எல்லாம் சாலைக்குப் பக்கத்தில்தான். போர்ட்ஸ்மவுத்தில் இந்தியன் ஆறு என்றொரு ஆறு. துடுப்புப் படகில்தான் போக முடியும், இரு கரையிலும் மரங்களின் வேர்கள் பலகை பலகையாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். மேற்குக் கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. அவற்றுக்காக 788 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக்குவதாக 2023இல் அரசு அறிவித்தது. ஒரு குறிப்பு: நவம்பர் முதல் ஏப்ரல் வரை சொகுசுக் கப்பல்கள் ரோசோ துறைமுகத்துக்கு வரும். கப்பல் வரும் நாளில் அருவிக்கும் மரகதக் குளத்துக்கும் போனால் நீரைவிடத் தலைகள்தான் அதிகம். கப்பல் வரும் தேதிகள் முன்கூட்டியே வெளியாகும். பார்த்துவிட்டு அன்றைக்கு வடக்குப் பக்கம் போய்விடுங்கள்.

குவாதலூப்பின் சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். கிழக்குக் கரீபியனின் சிற்றண்டிலிசுத் தீவுகளிலேயே உயரமானது. டொமினிக்காவின் உச்சியான டியப்ளோத்தான் அதைவிட 20 மீட்டர் குட்டை. ஆனாலும் சூஃப்ரியேர் ஏறுவது எளிது. பிரெஞ்சு அரசு பராமரிக்கும் பாதை, அடையாளப் பலகை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறி இறங்கலாம். உச்சியில் வாயு கக்கும் பகுதிகளை வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள், தாண்டக் கூடாது. 1976இல் இந்த மலை உறுமத் தொடங்கியதும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். வெளியேற்றியது சரியா தவறா என்று பிரெஞ்சு அறிவியலாளர்களான அரூன் தாசியெஃபும் குளோத் அலேக்ரும் பிரான்சு முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டார்கள். பெரிய வெடிப்பு வரவே இல்லை. அதே மலைச்சரிவில் இருக்கும் கார்பே அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர். நிறுத்தத்திலிருந்து அரைமணி நடை கூட இல்லை. வயதான பெற்றோரையும் மெதுவாகக் கூட்டிப்போகலாம்.

டிரினிடாடின் கதை வேறு. அது எரிமலைத் தீவே அல்ல, தென்னமெரிக்காவிலிருந்து பிரிந்து நிற்கும் துண்டு. அதனால் மற்ற இரண்டு தீவுகளிலும் இல்லாத விலங்கும் பறவையும் அங்கே உண்டு. பறவை வகைகள் மட்டும் நானூறுக்கு மேல். அந்தி சாயும்போது கரோனி சதுப்புநிலத்தில் செந்நிற அரிவாள் மூக்கன்கள் கூட்டங்கூட்டமாக வந்து அலையாத்தி மரங்களில் அடைவதை எந்த மாதமும் பார்க்கலாம். அரிமா பள்ளத்தாக்கின் ஆசா ரைட் இயற்கை மையத்தில் எண்ணெய்ப் பறவைகள் அடையும் குகை இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் அந்த மையம் சில காலம் மூடிக் கிடந்தது, விசாரித்துவிட்டுப் போங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்துரா, கிராந்த் ரிவியேர் கடற்கரைகளில் இரவில் தோணியாமைகள் ஏறி முட்டையிடும். இந்தப் பருவத்தில் மட்டும் டிரினிடாட் மற்ற இரண்டையும் தோற்கடிக்கும். லா பிரேயாவின் நிலக்கீல் ஏரி? உலகிலேயே பெரியது என்பது உண்மை. பார்க்க ஒரு பெரிய, வெடித்த தார்ச்சாலை மைதானம்தான். மழைக்குப் பின் தேங்கும் குட்டைகளில் உள்ளூர்க்காரர்கள் குளிப்பார்கள். அரை நாள் போதும்.

மனிதர்கள்

இங்கே தமிழ் வாசகருக்குக் கணக்கு மாறும்.

குவாதலூப்பில் அடிமைமுறை 1848 மே 27 அன்று ஒழிந்தது. விடுதலையான மக்கள் பழைய முதலாளியின் கரும்புத் தோட்டத்தில் வேலைக்கு நிற்க மறுத்தார்கள். தோட்ட முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், பெரும்பாலோர் தமிழர். மொழி மூன்று தலைமுறையில் போய்விட்டது. முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக இன்றைக்கும் கடைப் பலகைகளில் இருக்கின்றன. கப்பேஸ்தேர் ஊருக்குப் பக்கத்தில் சாங்கி என்ற இடத்தில் சாலையோரத்திலேயே மாரியம்மன் கோயில். மாலியெமென் என்று சொல்கிறார்கள். கூடவே மதுரைவீரனும் உண்டு, நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரமும் உண்டு. நேர்த்திக்கடனுக்குக் கிடா வெட்டி, வாழையிலையில் பந்தி போடுகிறார்கள். இது சுற்றுலாக் காட்சி அல்ல, குடும்ப வழிபாடு. முன்பே யாரையாவது கேட்டுக்கொண்டு போனால் பந்தியில் உட்கார வைப்பார்கள். படக்கருவியை நீட்டிக்கொண்டு போனால் வாசலோடு சரி.

கப்பேஸ்தேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஆன்றி சிதம்பரம். 1863இல் அங்கே பிறந்தவர். குவாதலூப்பில் பிறந்த இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்தபோது 1904இல் வழக்காடத் தொடங்கி, 1923இல்தான் உரிமையை வாங்கித் தந்தார். நம் பாடப்புத்தகங்களில் இவர் இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

தமிழ் வேரைத் தேடுவதோடு குவாதலூப்பை முடித்துவிடக் கூடாது. அங்கே பெரும்பான்மை ஆப்பிரிக்க வழி மக்கள். அவர்களுடைய குவோக்கா பறையிசை 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சனிக்கிழமை காலை துறைமுக நகரான பொயிந்தாப்பித்ரின் கடைத்தெருவில் அது காதில் விழும். அடிமை வணிகத்தைப் பற்றிய மெமோரியல் ஆக்த் அருங்காட்சியகம் பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015இல் திறக்கப்பட்டது. திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் கொலம்போ என்ற ஆட்டுக்கறிக் குழம்பு இப்போது எல்லாருடைய வீட்டுக் குழம்பு. மல்லியும் மஞ்சளும் வெந்தயமும் தெரியும், காரம்தான் நமக்குப் போதாது.

டொமினிக்காவின் பண்பாடு அளவில் சிறியது. ஆனால் மற்ற தீவுகளில் ஏறக்குறைய அழிந்துபோன ஒன்று அங்கே இருக்கிறது: கொலம்பசுக்கு முன்பிருந்த கலினாகோ மக்கள். 1903இல் அவர்களுக்கென்று கிழக்குக் கரையில் 3,700 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் தனிப்பட்டா கிடையாது, நிலம் ஊருக்குப் பொது. சுமார் மூவாயிரம் பேர் வாழ்கிறார்கள், தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023இல் நாட்டின் குடியரசுத் தலைவரானவரும் கலினாகோ பெண்தான், சில்வானி பர்ட்டன். சுற்றுலாப் பேருந்துகள் அங்கே உள்ள மாதிரிக் கிராமத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி, லாருமா நாணலில் பின்னிய கூடையை வாங்கவைத்துவிட்டுக் கிளம்பிவிடும். அதைவிட ஒரு வீட்டில் இரவு தங்குங்கள். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, நச்சுச் சாறு பிழிந்து, சூட்டுத் தட்டில் ரொட்டி சுடுவதை விடியற்காலையில் பார்க்கலாம். 2017 செப்டம்பரில் மரியா புயல் இந்தத் தீவையே புரட்டிப் போட்டது. அதைப் பற்றிக் கேட்டால் எல்லாரிடமும் ஒரு கதை உண்டு, கேட்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரினிடாடில் பண்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாயில் கார்னிவல், மார்ச்சில் பக்வா என்ற ஹோலி, மே 30இல் 1845இன் முதல் கப்பலை நினைவுகூரும் இந்தியர் வருகை நாள், சகுவானஸ் ஊரில் தீபாவளி நகர் என்ற விழா. இவற்றில் ஒன்றில் போய் விழுந்தால் வேறெந்தத் தீவும் ஈடாகாது. கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் எஃகுப் பீப்பாய் மேளமான ஸ்டீல்பேன் வாசிக்கும் குழுக்கள் தங்கள் கொட்டகைகளில் இரவெல்லாம் ஒத்திகை பார்க்கும். விழாவைவிட அது சுகம். வெறும் செப்டம்பரில் போனால் பாரா என்ற பொரித்த ரொட்டியும் கொண்டைக்கடலைக் குழம்பும் சேர்ந்த டபுள்ஸ் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒன்று மட்டும் எந்த மாதமும் உண்டு: வாட்டர்லூவின் கடல் கோயில். சியூதாஸ் சாது கட்டிய கோயில் கரும்புக் கம்பெனி நிலத்தில் நிற்கிறதென்று 1952இல் இடித்தார்கள். நிலம்தானே உங்களுடையது என்று அவர் கடலுக்குள் கல் போட்டுக் கட்டத் தொடங்கி, கால் நூற்றாண்டு கட்டினார். டிரினிடாடுக்குக் கப்பலில் வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் போஜ்புரி நாட்டவர். சென்னையிலிருந்து போனவர்களின் தடம் காளி கோயில்களில் மட்டும் தென்படும்.

விசா, வண்டி, பணம்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு டொமினிக்காவும் டிரினிடாடும் இப்போதைக்கு விசா கேட்பதில்லை. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும் என்பதை மறந்துவிட்டுச் சீட்டு வாங்கிவிடாதீர்கள். குவாதலூப் பிரான்சின் மாவட்டம், ஆனால் ஷெங்கன் எல்லைக்கு வெளியே. பாரிசுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பத்திலேயே குவாதலூப் என்று கேட்டு வாங்க வேண்டும். பாரிஸ் தமிழர்களுக்கு இது உள்நாட்டுப் பயணம். டொராண்டோக்காரர்களுக்கு டிரினிடாட் நேரடி விமானத் தூரம்.

டொமினிக்காவிலும் டிரினிடாடிலும் நம்மைப் போலச் சாலையின் இடப்பக்கம். குவாதலூப்பில் வலப்பக்கம், விலையெல்லாம் யூரோவில். டொமினிக்காவின் மலைச்சாலைகளில் இரவில் ஓட்டாதீர்கள், உள்ளூர் வண்டியும் ஓட்டுநரும் அமர்த்திக்கொள்வது மேல். குவாதலூப்பில் சாலை நன்றாக இருக்கும், ஆனால் ஆங்கிலம் எடுபடாது. டிரினிடாடில் 2024 டிசம்பரிலும் 2025 ஜூலையிலும் குற்றங்கள் பெருகியதால் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தனியாக இரவில் சுற்றும் ஆசை வேண்டாம்.

நான் எதை எடுப்பேன்

ஒரே தீவுதான், நடக்கத் தெம்பு இருக்கிறது என்றால் டொமினிக்கா, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள். கார்னிவல் அல்லது ஆமைப் பருவம் விடுப்போடு ஒத்துவந்தால் டிரினிடாட். ஒத்துவராவிட்டால் அதைத் தள்ளிவைக்கலாம். குவாதலூப்பை மட்டும் ஒரு வாரம் எடுப்பது, பிரெஞ்சு தெரிந்தவரோ முதியவர்களைக் கூட்டிப்போகிறவரோ என்றால் நியாயம்.

பிரெஞ்சு விசா கைக்கு வந்துவிட்டால் நான் இரண்டையும் சேர்ப்பேன். பொயிந்தாப்பித்ரிலிருந்து ரோசோவுக்குப் பயணிகள் விரைவுக் கப்பல் உண்டு, சுமார் இரண்டு மணி நேரம். முதல் மூன்று நாள் குவாதலூப்: கப்பேஸ்தேர், கார்பே, ஒரு காலை சூஃப்ரியேர். பிறகு கடல் கடந்து டொமினிக்காவில் நான்கு நாள், அதில் ஓர் இரவு கலினாகோ வீட்டில். கொதிக்கும் ஏரியை இரண்டாம் நாளிலேயே வைத்துவிடுங்கள். மழை பெய்து தள்ளிப்போனால் மறுநாள் கையில் இருக்கும். கப்பல் தினமும் ஓடுவதில்லை, காற்று அடித்தால் வயிற்றைப் புரட்டும். ஆகவே முதலில் கப்பல் தேதியைப் பிடியுங்கள், அதற்குத் தக்கபடி விமானச் சீட்டு வாங்குங்கள்.