பெட்ரோல் முள் படுத்துக்கொண்டால்: சுத்தம் செய்வதா, புதுசு மாட்டுவதா, பழசைத் தேடுவதா?

என் காரில் டேங்க் நிரப்பினால் முள் ஒழுங்காக ஃபுல்லுக்குப் போகும். பாதிக்கு இறங்கியதும் பொத்தென்று எம்ப்டியில் விழும். ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் மறுபடி எழுந்து நிற்கும். கார்புரேட்டர் காலத்து வண்டி, 25 வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் எந்த வண்டிக்கும் வருகிற கோளாறுதான்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். முள்ளை மறந்துவிட்டுக் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டு என்பார் ஒருவர்; டேங்குக்குள் பெட்ரோல் அளவை உணரும் யூனிட்டைக் கழற்றிச் சுத்தம் செய் என்பார் இன்னொருவர்; புது யூனிட் மாட்டு, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பழசு தேடு என்று மற்றவர்கள். நான்கையும் பார்த்துவிட்டேன். ஆனால் எதில் இறங்கும் முன்பும் கோளாறு டேங்கிலா, மீட்டரிலா என்று தெரிந்தாக வேண்டும்.

இந்த யூனிட்டில் ஒரு மிதவை பெட்ரோலோடு ஏறி இறங்க, அதன் கையிலுள்ள தொடுமுனை ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டைமேல் நகர்கிறது. அதைப் பொறுத்துத்தான் முள் நிற்கும். ஜப்பான் வழி வந்த கார்களில் பெரும்பாலும் டேங்க் நிறைந்திருந்தால் சில ஓம், காலியானால் ஏறக்குறைய 100 ஓம். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கு நேர்த்தலைகீழ்: காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. என் வண்டி முதல் வகை. யூனிட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு இக்னிஷனைப் போட்டால் முள் எம்ப்டியிலேயே கிடக்க வேண்டும். அதே ஒயரை ஒரு சின்ன மீட்டர் பல்பு வழியாக பாடியில் எர்த் கொடுத்தால் மெல்ல ஏற வேண்டும். நேரடியாகத் தொடவைத்தால் மீட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகலாம், அதற்குத்தான் பல்பு. டேங்கின் வாய் மூடியிருக்கும்போதே, தீப்பொறிக்கு இடமில்லாமல் இதைச் செய்யுங்கள். முள் ஏறினால் மீட்டர் நல்லது. ஒயரை மாட்டிவிட்டு டேங்க் பக்கம் போகலாம். ஏறாவிட்டால் ஃபியூஸ், ஒயர், மீட்டர். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே தப்புக் காட்டினால், பைமெட்டல் மீட்டர் (சூட்டில் வளையும் தகடு முள்ளை நகர்த்தும் வகை) உள்ள பழைய வண்டிகளில் முதல் சந்தேகம் இரண்டு முள்ளுக்கும் சீரான மின்சாரம் தரும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்மேல். டேங்க் பக்கம் கை வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று, யூனிட்டின் எர்த். அதில் துரு பிடித்தால் ஓம் கூடும்; என் வகை வண்டியில் நிறைந்த டேங்க் முக்கால் என்று காட்டும். யூனிட்டின் மேல்மூடியிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்தால் பல நேரம் செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை.

முதல் ஒரு வருடம் கிலோமீட்டர் கணக்கில்தான் ஓட்டினேன். 28 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 15 என்றால் 420 கிலோமீட்டர். நான் 300-லேயே பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்துவிடுவேன். காசு செலவில்லை, தொல்லையில்லை. 1950-களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பெட்ரோல் முள்ளே கிடையாது, ரிசர்வ் குழாயைத் திருப்பித்தான் ஓட்டினார்கள். ஆனால் அதில் ரிசர்வ் இருந்தது. என் காரில் இல்லை. தவிர இந்தக் கணக்கு ஒரே ஆள் ஓட்டும் வரைதான். மகன் எடுத்துக்கொண்டு போய் 200 ரூபாய்க்குப் போட்டுவிட்டு டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்கிய அன்று நான் பைபாஸில் நின்றேன். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இந்த வழியே வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் மோட்டாரைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். வறண்டு ஓடினால் மோட்டார் போய்விடும், அது முள்ளைவிடப் பெரிய செலவு.

அப்புறம்தான் கழற்றினேன். பெட்ரோலைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து, திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றிவிட்டு. பின் சீட்டுக்கு அடியில் மூடி, சில ஸ்க்ரூ, காய்ந்துபோன ஒரு கேஸ்கெட். ஓம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து மிதவையின் கையை மெல்லத் தூக்கினேன்: 108, 96, 81, 70... அங்கே எண் மறைந்தது. ஒரு மயிரிழை தள்ளினால் 52. அந்த இடத்தில் பட்டை தேய்ந்து பளபளவென்று ஒரு கோடு. தினமும் பாதி டேங்கில் ஓடிய வண்டியல்லவா, அங்கேதான் தேயும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சளசளக்கும், முள் எப்போதும் காலியே காட்டும். இது நல்ல மிதவை.

மெக்கானிக் உப்புத்தாளை எடுத்தார். தடுத்துவிட்டேன். உப்புத்தாள் அழுக்கோடு பட்டையையும் சேர்த்து எடுத்துவிடும். கான்டாக்ட் கிளீனர், பென்சில் ரப்பர், அவ்வளவுதான். பிறகு தொடுமுனையை இடுக்கியால் துளி வளைத்து, பட்டையின் தேயாத பகுதியில் ஓடும்படி வைத்தோம். எண் விடாமல் ஓடியது. ஏழெட்டு மாதம் தாங்கியது, பிறகு பழைய கதை. மிதவை நன்றாக இருந்து அழுக்கு மட்டும்தான் கோளாறு என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. பட்டை தேய்ந்திருந்தால் இது தவணை வாங்குவது மாதிரி.

புது யூனிட்டில்தான் ஏமாந்தேன். கடைக்காரர் “எல்லா மாடலுக்கும் செட் ஆகும் சார்” என்றார். ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் செட் ஆனது, ஓம் செட் ஆகவில்லை. நிரம்பிய டேங்க் முக்கால் காட்டியது, கால் டேங்க் இருக்கும்போதே எம்ப்டி. பார்க்கப் பளிச்சென்று இருந்ததால் மல்டிமீட்டரைத் தொடவே தோன்றவில்லை. கடைசிவரை தூக்கி ஒரு எண், இறக்கி ஒரு எண், இரண்டும் பழசோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்திருக்க வேண்டும். ஒரிஜினல் கிடைக்கிற மாடல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். என் வண்டிக்கு அது வருவது நின்று வெகுநாளாயிற்று.

கடைசியில் புதுப்பேட்டை. மூன்று கடை ஏறி, அதே மாடலின் பழைய யூனிட் ஒன்று. வெளியே துரு, உள்ளே பட்டையில் கோடு விழவில்லை. இந்தத் தடவை மல்டிமீட்டர் பையில் இருந்தது. 110-லிருந்து 4 வரை விடாமல் இறங்கியது. கேஸ்கெட் மட்டும் புதுசு. அதில் கஞ்சம் பிடித்தால் வண்டிக்குள் பெட்ரோல் வாடைதான்.

புது யூனிட்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.