ஹெல்மெட்டுக்குள் எது நல்லது: தேன்கூடா, பம்பளிமாஸ் தோலா?

காட்பாடி, வேலூர் பக்கம் ஹெல்மெட் வாங்குகிறவர்கள் மேல் ஓட்டைத்தான் தட்டிப் பார்க்கிறோம். ஆனால் அடியைப் பெரிதும் வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தெர்மாகோல். அதற்கு மாற்றாக இயற்கையில் இரண்டு வடிவங்கள் உண்டு.

தேன்கூட்டின் அறுகோண அறைகள் நேராக விழும் அடிக்கு அருமை. சுவர்கள் மடிப்பு மடிப்பாக நசுங்கி, ஏறத்தாழ ஒரே சீராக ஆற்றலை உறிஞ்சும். பக்கவாட்டில் அடித்தால் அவ்வளவு தாங்காது.

பம்பளிமாஸை வெட்டிப் பாருங்கள். பச்சைத் தோலையொட்டி நெருக்கமாக இருக்கும் திசு, உள்ளே போகப்போக வெள்ளைப் பஞ்சாகத் தளர்கிறது. ஊடே நார்கள் கிளைவிட்டு ஓடுகின்றன. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் பழம் பிளக்கவில்லை என்று ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்! இதைச் செயற்கையாகச் செய்வதுதான் சிரமம். தேன்கூட்டுத் தகடோ கடையில் கிடைக்கிறது.

கார் பம்பருக்குத் தேன்கூடு போதும். தலை எந்தக் கோணத்தில் மோதும் என்று யாருக்குத் தெரியும்? ஹெல்மெட்டுக்கு என் ஓட்டு பம்பளிமாஸுக்கே.