சன் ரெக்கார்ட்ஸின் பழைய நாடாக்கள்: எந்தப் பதிப்பில் கேட்பது?

ராக்கபில்லி, அதாவது ஐம்பதுகளில் நாட்டுப்புறப் பாட்டும் ப்ளூஸும் கலந்து பிறந்த ராக் இசை, கேட்கத் தொடங்குகிறவர்கள் எந்த வழியாக வந்தாலும் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் யூனியன் அவென்யூ 706-க்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். சாம் ஃபிலிப்ஸ் 1950-இல் திறந்த சின்ன ஸ்டூடியோ அது; அவருடைய சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இயங்கியதும் அங்கேதான். எல்விஸ், கார்ல் பெர்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ், சன்னி பர்கெஸ், பில்லி லீ ரைலி எல்லோரும் அங்கே பாடினார்கள். இசைத்தட்டாக வெளிவந்தது அதில் ஒரு பகுதிதான். மீதி நாடாச் சுருள்களிலேயே கிடந்தது.

எல்விஸை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1955 நவம்பரில் அவருடைய ஒப்பந்தம் 35,000 டாலருக்கு ஆர்.சி.ஏ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனபோது பதிவுகளும் கூடவே போய்விட்டன. மற்றவர்களின் நாடாக்கள் 1969-இல் சன் நிறுவனத்தை வாங்கிய ஷெல்பி சிங்கிள்டன் கைக்கு வந்தன. அவற்றை எடுத்துக் கேட்க எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, சிங்கிள்டன் அமெரிக்காவில் வெளியிட்ட எல்.பி.க்கள் (நீள இசைத்தட்டுகள்). பழைய தட்டுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பல, மோனோ (ஒரே தடத்தில் எடுத்த) பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியவை. இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். சன் ஒலியின் உயிரே அந்த எக்கோவில்தான் இருக்கிறது. ஃபிலிப்ஸ் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் இரண்டு நாடாப் பதிவு இயந்திரங்களை வைத்திருந்தார். பாடுகிற குரல் இரண்டாவது இயந்திரத்தின் நாடாவில் பதிந்து, இமைப்பொழுது தாமதித்துத் திரும்பி வந்து முதல் குரலின் முதுகில் தட்டும். ஒலியை இரண்டு பக்கமாகப் பிரித்தால் அந்தத் தட்டு கரைந்து குழம்பாகிவிடுகிறது. 1978-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஜெர்ரி லீயின் பழைய பதிவுகள் மேல் எல்விஸ் சாயலில் பாடும் ஜிம்மி எல்லிஸின் குரலையும் ஏற்றினார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாவது, சார்லி நிறுவனம் இங்கிலாந்திலிருந்து எழுபதுகளில் கொண்டுவந்த தொகுப்புகள். கோலின் எஸ்காட், மார்ட்டின் ஹாக்கின்ஸ் போன்ற ஆய்வாளர்கள் சுருள் சுருளாகக் கேட்டுத் தேடியதன் பலன் அவற்றில் தெரியும். சன்னி பர்கெஸ் எவ்வளவு முரட்டுத்தனமான பாடகர் என்பது, அன்று வெளிவராத பாடல்கள் வந்த பிறகுதான் பலருக்குப் புரிந்தது. 1956 டிசம்பர் 4 அன்று எல்விஸ், பெர்கின்ஸ், ஜெர்ரி லீ ஆகியோர் கூடிப் பாடிய மில்லியன் டாலர் குவார்டெட் நாடாவின் ஒரு பகுதியை 1981-இல் முதலில் வெளியிட்டதும் சார்லிதான். நல்ல பாட்டாகப் பொறுக்கி அடுக்கியிருப்பதால் ஒரு பக்கத்தைச் சலிப்பில்லாமல் கேட்டு முடிக்கலாம்.

மூன்றாவது, ஜெர்மனியின் பேர் ஃபேமிலி. 1975-இல் தொடங்கிய இந்த நிறுவனம் எதையும் விடுவதில்லை. 1989-இல் வந்த ஜெர்ரி லீ பெட்டியில் மட்டும் 8 சிடிகள். ஒரே பாட்டு நான்கு முறை வரும், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். முதல் தடவை கேட்பவருக்கு இது சோர்வுதான், விலையும் கூடுதல்.

ஸ்ட்ரீமிங் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: ஜெர்ரி லீ தன் சன் பாடல்களை 1963-இல் ஸ்மாஷ் நிறுவனத்துக்காகத் திரும்பவும் பாடியிருக்கிறார். தலைப்பு மட்டும் பார்த்து அழுத்தினால் அந்தப் பதிவு வந்து மாட்டலாம். சன் காலத்துப் பதிவுதானா என்று பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? புதிதாக வருகிறவருக்குச் சார்லியின் ஒரு எல்.பி. போதும். ஒரு பாடகர் மனதில் ஒட்டிக்கொண்டால், காசு சேர்த்து அவருடைய பேர் ஃபேமிலி பெட்டிக்குப் போங்கள். ஜெர்ரி லீயின் பெட்டியில் ஒரு இடம் வரும்: 1957 அக்டோபரில் ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ பதிவுக்கு நடுவே, இது சாத்தானின் இசை என்று ஜெர்ரி லீ ஃபிலிப்ஸிடம் வாதாடுகிறார். ஃபிலிப்ஸ் விடாமல் பதில் சொல்கிறார். யாரும் நாடாவை நிறுத்தவில்லை. பயந்துபோன அந்த இருபத்திரண்டு வயதுக் குரலைக் கேட்டுவிட்டு அந்தப் பாட்டைப் போட்டுப் பாருங்கள்.