கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யா, எஃப்.சி.ஏ.யா?

எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தருவது), எஃப்.சி.ஏ. (வாங்குபவர் அமர்த்திய கேரியரிடம், அதாவது சரக்கைக் கொண்டுபோகும் நிறுவனத்திடம், ஒப்படைப்பது) இரண்டும் ஏற்றுமதியில் செலவும் பொறுப்பும் யாருடையது என்று சொல்லும் விதிகள். இரண்டிலும் கடல்வழிச் சரக்குக் கட்டணம் வாங்குபவருடையது, ஏற்றுமதிச் சுங்க வேலை விற்பவருடையது. அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி, பழக்கத்தில் எஃப்.ஓ.பி. என்றே விலை கொடுக்கிறார்கள். நிலக்கரி, தானியம், எண்ணெய் என்று கப்பலில் நேரடியாகக் கொட்டும் சரக்குக்கு அது சரி. கன்டெய்னர் என்றால் நான் எஃப்.சி.ஏ. பக்கம்தான்.

காரணம், சேதப் பொறுப்பு கைமாறும் இடம். எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறிய பிறகே அந்தப் பொறுப்பு வாங்குபவருக்குப் போகும். ஆனால் விற்பவர் கன்டெய்னரைத் துறைமுக டெர்மினலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். கப்பல் வரச் சில நாள் ஆகலாம். அதுவரை யார்டில் கிடக்கும் பெட்டியைக் கிரேன் இடிக்கலாம், கூரை ஓட்டையில் மழைநீர் இறங்கலாம், ரீஃபரின் (குளிர்சாதனக் கன்டெய்னரின்) மின் இணைப்பு அறுந்துபோகலாம். சரக்கு அவர் கையில் இல்லை. நஷ்டம் அவர் தலையில். தனிக் காப்பீடு எடுக்காவிட்டால் காப்பீட்டு ஈடும் கிடையாது. அதைவிடச் சிக்கல், சீல் வைத்த பெட்டியை மறுகரையில்தான் திறக்கிறார்கள். நனைந்தது யார்டிலா, கடலிலா? நிரூபிப்பது கடினம்.

எஃப்.சி.ஏ.யில் பெட்டியை ஒப்படைக்கும் இடத்திலேயே பொறுப்பும் மாறுகிறது. டெர்மினல் ரசீதே சாட்சி. விற்பவரின் ஆலையே ஒப்படைக்கும் இடம் என்றால் வண்டியில் ஏற்றுவது அவர் வேலை. வேறு இடம் என்றால் வண்டியில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும், இறக்குவது எதிர்த்தரப்பு. வாங்குபவர் தன் காப்பீடு அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஃப்.சி.ஏ.யின் பலவீனம், எல்.சி. (ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்). வங்கி 'கப்பலில் ஏற்றப்பட்டது' என்ற குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங் (கேரியர் தரும் சரக்கு ஆவணம்) கேட்கும். இந்த விதிகளின் சர்வதேசத் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020 இதற்கு வழி தருகிறது: அதை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் கேரியரிடம் சொல்வதாக இருவரும் ஒப்புக்கொள்ளலாம். விற்பனை ஒப்பந்தம் கேரியரைக் கட்டுப்படுத்தாது என்பதால், புக்கிங்குக்கு முன்பே ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்பவரிடம்) இதற்கான உறுதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாங்குபவர் இதற்கு இசையாமல், எல்.சி.யையும் திருத்த மறுத்தால் எஃப்.ஓ.பி.யே பாதுகாப்பு, அப்போது ஏற்றும்வரைக்கான காப்பீட்டை விற்பவர் எடுத்தாக வேண்டும்.

டெர்மினல் கையாளும் கட்டணம் யாருடையது என்றும் எழுதுங்கள். அது வாங்குபவர் பக்கம் போனால் விலையில் கழிக்க வேண்டும், இல்லையேல் அவர் இருமுறை கட்டுவார். துறைமுகப் பெயர் மட்டும் போதாது: எஃப்.சி.ஏ., டெர்மினல் பெயர், துறைமுகம், இன்கோடெர்ம்ஸ் 2020 என்று முழுதாகப் போடுங்கள்.